வேஷம் வேண்டாம், ஜாடை போதும்

எங்கள் ஊர் தருமபுரிக்குப் பக்கம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து வைத்தால் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. மரக்கட்டையில் செய்து கண்ணாடியும் ஜிகினாவும் ஒட்டிய கிரீடம், புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் எல்லாம் கட்டிக்கொண்டு துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுக்கும்போதே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்கும்.

விடிந்ததும் டீக்கடை பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கட்டம் போட்ட லுங்கி, தோளில் துண்டு. காதோரம் மட்டும் அரிதாரம் சரியாகக் கழுவப்படாமல் ஒட்டியிருக்கும். மீசையை ஒருமாதிரி நீவிவிட்டுக்கொண்டே டீ கிளாஸை வாங்குவார். பள்ளிக்கூடம் போகிற நாங்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வோம். "டேய், துரியோதனன்டா!" பஸ்ஸுக்குக் காத்திருக்கும் வெளியூர்க்காரருக்கு அவர் டீ குடிக்கிற யாரோ ஒருவர். ராத்திரி கண் விழித்தவர்களுக்கு மட்டும் அஸ்தினாபுரத்து ராஜா.

இரவு நாங்கள் பார்த்தது வேஷம். காலையில் பார்த்தது ஜாடை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்டுவிட்டால், இப்போது பிள்ளைகள் பேசிக்கொள்கிற 'டிஸ்னிபவுண்டிங்' என்ற சங்கதியில் பாதி புரிந்துவிட்ட மாதிரிதான்.

நமக்குப் பிடித்த ஒரு கதாபாத்திரத்தின் நிறங்களையும் ஓரிரு அடையாளங்களையும் எடுத்து, அன்றாடம் போடுகிற சாதாரண உடைகளிலேயே அந்தச் சாயலைக் கொண்டுவருவது. அதைப் போட்டுக்கொண்டு தீம் பார்க்குக்குப் போவது. அவ்வளவுதான் விஷயம். விக் கிடையாது, முகமூடி கிடையாது, முகத்தில் சாயம் கிடையாது. வீட்டு பீரோவில் இருக்கிற சட்டை, பேன்ட், சுடிதார், பாவாடை போதும். ரோட்டில் பார்ப்பவருக்கு அது வெறும் உடை. அந்தக் கதாபாத்திரத்தைத் தெரிந்தவர் பார்த்தால் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும்.

எனக்கு இது தெரியவந்தது என் அக்கா மகளால். கல்யாணமாகி கலிபோர்னியா போனவள், அங்கே அனஹைமில் இருக்கும் டிஸ்னிலாந்துக்குப் போனபோது எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். எலுமிச்சை மஞ்சளில் பாவாடை, அடர்நீல ஜாக்கெட், சிவப்புக் கரை வைத்த மெல்லிய வெள்ளைத் தாவணி, தலையில் சிவப்பு ரிப்பன், கையில் ஆப்பிள் வடிவில் சின்னப் பர்ஸ். "என்ன விசேஷம்? கோயிலுக்கா?" என்று அவள் மாமியார் கேட்டார். "தாவணி நல்லா இருக்கு கண்ணு" என்றார் இன்னொருவர். நான் ஆப்பிளைப் பார்த்துவிட்டு, "ஏழு குள்ளர்கள் எங்கே?" என்று எழுதினேன். "சித்தி ஒருத்திதான் கண்டுபிடிச்சீங்க!" என்று பதில் வந்தது. ஸ்னோ ஒயிட்டாம்! அப்புறம் அவளைப் போனில் பிடித்து முழுக் கதையையும் கேட்டுக்கொண்டேன்.

பெயரிலிருந்து ஆரம்பிக்கலாம். 'பவுண்ட்' என்றால் இங்கே கட்டுவதும் இல்லை, தங்கப் பவுனும் இல்லை. ஓர் ஊரை நோக்கிக் கிளம்பியிருப்பது என்று பொருள். பஸ் நெற்றியில் 'ஓசூர் வழி பெங்களூரு' என்று பலகை இருக்கிறதே, அதுபோல 'டிஸ்னிக்குக் கிளம்பியாச்சு' என்று அர்த்தம். கனடாவைச் சேர்ந்த லெஸ்லி கே என்ற பெண், 2011இல் புளோரிடாவிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குப் போகத் தயாராகும்போது, டிஸ்னி பாத்திரங்களின் சாயலில் உடைகளைச் சேர்த்துச் சேர்த்து டம்ளர் என்ற தளத்தில் போட ஆரம்பித்தார். காபி டம்ளர் இல்லை, அந்தப் பெயரில் ஓர் இணையதளம். அதற்கு அவர் வைத்த தலைப்புதான் டிஸ்னிபவுண்ட். பயணம் முடிந்த பிறகும் பெயர் நின்றுவிட்டது. இன்று அது ஒரு வினைச்சொல்லே ஆகிவிட்டது. "நான் நாளைக்கு மின்னி பவுண்ட் பண்றேன்" என்கிறார்கள். தமிழில் இதற்கு நான் வைத்துக்கொண்ட பெயர் ஜாடை உடுத்துவது.

நம் ஊரில் குழந்தை பிறந்தால் பார்க்க வருகிறவர்கள் என்ன செய்வார்கள்? "மூக்கு அப்படியே தாத்தா ஜாடை" என்பார்கள். குழந்தை தாத்தா ஆகிவிடவில்லை, தாத்தா வேஷமும் போடவில்லை. அது அதுவாகத்தான் இருக்கிறது, தாத்தா மூக்கில் மட்டும் எட்டிப்பார்க்கிறார். இந்த உடைக் கலையும் அப்படித்தான்.

சரி, அவ்வளவு ஆசை இருந்தால் முழு வேஷமே போட்டுக்கொண்டு போகலாமே என்று கேட்கலாம். போக முடியாது. அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் 14 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் வேஷ உடையில் உள்ளே போகக் கூடாது என்பது விதி. முகமூடியும் கூடாது. அதற்குக் கீழே உள்ள பிள்ளைகள் எல்சாவாகவோ மிக்கியாகவோ முழுசாக உடுத்திக்கொண்டு போகலாம். ஹாலோவீன் சமயத்தில் தனி டிக்கெட் போட்டு நடத்தும் இரவு நிகழ்ச்சிகளில் மட்டும் பெரியவர்களுக்கும் விலக்கு உண்டு, அதற்கும் தனி நிபந்தனைகள் இருக்கின்றன.

இந்த விதிக்குக் காரணம் புரிய மறுபடி கூத்துத் திடலுக்கே போகலாம். அரங்கில் துரியோதனன் ஆடிக்கொண்டிருக்கிறார். பார்வையாளர்கள் நடுவே பாயில் இன்னொருவர் அதே கிரீடத்தோடு, அதே புஜகீர்த்தியோடு உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தால் எப்படி இருக்கும்? பிள்ளைகள் யாரைப் பார்ப்பார்கள்? டிஸ்னி தன் பூங்காவை ஒரு நாடக மேடையாகத்தான் நினைக்கிறது. அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு ஊழியர் என்ற பெயரே இல்லை, துப்புரவுப் பணியாளர் வரை எல்லோரும் 'காஸ்ட் மெம்பர்', அதாவது நடிகர் குழுவைச் சேர்ந்தவர். உள்ளே நடமாடும் ஸ்னோ ஒயிட்டிடம் ஒரு சின்னக் குழந்தை ஓடிவந்து கட்டிக்கொள்ளும், கையெழுத்துக் கேட்கும். அந்த இடத்தில் டிக்கெட் வாங்கி வந்த ஒருத்தி அச்சு அசலாக அதே உடையில் நின்றால் குழந்தை எந்த ஸ்னோ ஒயிட்டை நம்பும்? பாதுகாப்பு என்ற காரணமும் இதோடு சேர்ந்ததே. முகம் தெரியாத, பூங்காவின் ஆள் மாதிரித் தோன்றும் ஒருவரிடம் குழந்தைகள் போவதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

ஆகவே வேஷத்துக்குத் தடை, ஆசைக்குத் தடை இல்லை என்ற இடைவெளியில்தான் இந்தப் பழக்கம் இவ்வளவு செழித்தது என்று எனக்குத் தோன்றுகிறது. காஸ்ப்ளே என்பது முழு வேஷம். கவசம், வாள், விக் வரை அசலைப் போலவே இருக்க வேண்டும், அதற்குத் தனித் திறமையும் மெனக்கெடலும் தேவை. பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியில் முண்டாசு, கோட்டு, மையால் வரைந்த மீசையோடு பாரதியாராக நின்றோமே, அது அந்த வகை. ஜாடை உடுத்துவது அதற்கு நேர்எதிர். எவ்வளவு குறைவாகச் சொல்லி எவ்வளவு புரியவைக்கிறாய் என்பதுதான் இதில் கெட்டிக்காரத்தனம்.

எப்படிச் செய்வது என்பதற்கு வருகிறேன். இங்கேதான் சுவாரசியமே.

முதலில் நிறம். ஒரு பாத்திரத்தைக் கண்ணை மூடி நினைத்துக்கொண்டால் முதலில் வருவது முகம் இல்லை, நிறம்தான். ஆனால் நிறத்தை மட்டும் எடுத்தால் போதாது, அது உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே எடுக்க வேண்டும். மிக்கி மவுஸை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே கறுப்பு, இடுப்பிலிருந்து சிவப்பு, காலில் மஞ்சள். சிவப்புக் கால்சட்டையில் இரண்டு வெள்ளைப் பொத்தான். கறுப்பு டி-ஷர்ட், சிவப்பு பேன்ட் அல்லது பாவாடை, மஞ்சள் ஷூ போட்டால் மிக்கி வந்துவிடுவார். அதே நிறங்களைத் தலைகீழாக, மேலே சிவப்பு, கீழே கறுப்பு என்று போட்டால் அவர் வரமாட்டார், எல்.ஐ.சி. ஏஜென்ட் மாதிரி யாரோ வருவார்கள்.

நிறத்திலும் சாயை முக்கியம். ஸ்னோ ஒயிட்டின் மஞ்சள் வேறு, 'பெல்' என்ற இளவரசியின் நடன உடையில் இருக்கும் மஞ்சள் வேறு. முன்னது எலுமிச்சை, பின்னது பழுத்த மாம்பழம். இந்த நுணுக்கத்தில் நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு. எந்த ஊர்க் கடைவீதியிலும் ஒரு மேட்சிங் சென்டர் இருக்கும். அங்கே போய் "மஞ்சள் கொடுங்க" என்றால் சிரிப்பார்கள். எலுமிச்சை, சந்தனம், மாம்பழம், கஸ்தூரி மஞ்சள் என்று வரிசையாக எடுத்துப் போடுவார்கள். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, கத்தரிப்பூ, அரக்கு, மயில்கழுத்து, வெங்காயச் சருகு என்று பெயர் வைத்திருக்கிற ஊர் நம்முடையது. கடற்கன்னி ஏரியலுக்குப் பச்சை வால், கத்தரிப்பூ நிறத்தில் மேலே சிப்பி, சிவந்த தலைமுடி. கிளிப்பச்சைக்குக் கொஞ்சம் அடங்கின பச்சையில் லாங் ஸ்கர்ட், கத்தரிப்பூ டாப்ஸ், தலைக்கு ஒரு சிவப்பு கிளிப். சிப்பித் தோடு கிடைத்தால் கூடுதல் அழகு.

அடுத்தது அடையாளம். நிறம் மட்டும் போதாது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று இருக்கிறது. மேலே சிவப்பு, கீழே மஞ்சள். யார்? தேன் தின்னும் கரடி வின்னி த பூ என்று ஒருவர் சொல்வார். எங்கள் வீட்டு வாண்டுகளைக் கேட்டால் ஒரே குரலில் ஷின்சான் என்பார்கள். இருவரும் சரியே. கரடிக்குச் சிவப்புச் சட்டை, உடம்பே மஞ்சள். ஷின்சானுக்குச் சிவப்பு டி-ஷர்ட், மஞ்சள் டவுசர். பிரித்துக் காட்டுவது அடையாளம்தான். சட்டையில் ஒரு தேனீ ப்ரூச் குத்தினால் கரடி. புருவத்தைக் கொஞ்சம் அடர்த்தியாக்கிக்கொண்டால் ஷின்சான். என் தம்பிக்குப் பிறவியிலேயே அந்தப் புருவம், அவனுக்குச் செலவே இல்லை.

அடையாளம் ஒன்று போதும், இரண்டு உச்சம். மூன்றாவதை வைத்தால் ஜாடை வேஷமாக மாறத் தொடங்கும். கூடுமானவரை அது ஏதாவது ஒரு பயனுள்ள பொருளாகவே இருக்கட்டும். பர்ஸ், கைக்கடிகாரம், தோடு, சாக்ஸ், பை. டோராவுக்கு இளஞ்சிவப்பு டி-ஷர்ட், ஆரஞ்சு டவுசர், அப்புறம் அந்தக் கத்தரிப்பூ நிற முதுகுப்பை. பை எப்படியும் வேண்டும், தண்ணீர் பாட்டிலை வைக்க. டோரேமான் கார்ட்டூனில் வரும் பையன் நோபிட்டாவுக்கு மஞ்சள் சட்டை, கருநீல டவுசர், கண்ணாடி. ஏற்கெனவே கண்ணாடி போடுகிறவர்களுக்கு இதைவிட எளிய ஆரம்பம் இல்லை.

டோரேமான் செய்யும்போது எனக்கு ஒரு தொல்லை வந்தது. நீலக் குர்தா இருந்தது, வெள்ளை ஷால் இருந்தது, கழுத்துக்குச் சிவப்பு நாடா இருந்தது. அந்த மஞ்சள் மணி மட்டும் எந்த ஃபேன்சி ஸ்டோரிலும் சரியாக அமையவில்லை. கடைசியில் அது கிடைத்த இடம் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. ஆட்டுக்குட்டிக்குக் கட்டுகிற மணி! கடைக்காரர் "எத்தனை குட்டிங்கம்மா?" என்று கேட்டார். "ஒண்ணுதாங்க" என்றேன்.

அடையாளத்தின் அழகு, தெரிந்தவருக்கு மட்டும் தெரிவது. 'அப்' என்ற கார்ட்டூன் படத்தில் பலூன்களைக் கட்டி வீட்டையே பறக்கவிட்ட கிழவர் கார்லை நினைவிருக்கிறதா? சட்டையில் ஒரு சோடா பாட்டில் மூடியைப் பதக்கம் போலக் குத்தியிருப்பார். மனைவி சிறுமியாக இருந்தபோது கொடுத்தது. பழுப்பு பேன்ட், வெள்ளைச் சட்டை, கறுப்பு பிரேம் கண்ணாடி, நெஞ்சில் ஒரு மூடி. பார்க்கிற நூறு பேரில் தொண்ணூற்றெட்டுப் பேர், "சட்டையில ஏதோ ஒட்டியிருக்குங்க" என்பார்கள். மீதி இரண்டு பேர் கண் கலங்குவார்கள். அந்த இரண்டு பேருக்காக உடுத்துவதுதான் இது.

நம் உடைகளே இதற்குப் பொருத்தம் என்பதை அக்கா மகள் படம்தான் எனக்குக் காட்டியது. கவுன் என்றால் ஒரே துணி, ஒரே நிறம். பாவாடை தாவணியிலோ ஜாக்கெட் ஒரு நிறம், பாவாடை ஒரு நிறம், தாவணி இன்னொரு நிறம், கரை நான்காவது. டாப்ஸ், பேன்ட், துப்பட்டா என்று சுடிதாரிலும் மூன்று. நிறத்தை இடம் பார்த்து வைக்கிற கலைக்கு இதைவிட வாகான உடை எங்கே இருக்கிறது? ஆண்களுக்கு வேட்டிக் கரை இருக்கிறது, துண்டு இருக்கிறது. பேன்ட் சட்டைக்காரர்கள் பொம்மைக் கௌபாய் வுடியிலிருந்து ஆரம்பிக்கலாம். மஞ்சள் கட்டச் சட்டை, நீல ஜீன்ஸ், பழுப்பு பெல்ட், பழுப்பு ஷூ. கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை விருப்பம் போல. இதில் பாதி எல்லா வீட்டிலும் இருக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பாத்திரத்தின் உடையை எடுக்கலாம், உடம்பை எடுக்கக் கூடாது. தோல் நிறத்தை மாற்றிக்கொள்ள மாவும் மையும் பூசுவது இதில் சேராது. நீங்கள் எந்த நிறமோ அந்த நிறத்திலேயே ஸ்னோ ஒயிட் ஆகலாம். அக்கா மகள் எங்கள் வீட்டுக் கறுப்பு. அவளைவிட அழகான ஸ்னோ ஒயிட்டை நான் பார்த்ததில்லை.

சரி, அனஹைம் எங்கே, நாம் எங்கே? கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர். அதைத் தாண்டி மைசூர் சாலையில் பிடதி. அங்கே 2005இல் வந்த வொண்டர்லாதான் நம் பக்கத்துப் பள்ளிக்கூடச் சுற்றுலாக்களுக்கு டிஸ்னிலாந்து. இப்படிப்பட்ட பூங்காக்களில் ராட்டினங்களும் தண்ணீர் விளையாட்டுகளும்தான் பிரதானம். மிக்கி நடமாட மாட்டார். அதனால் ஜாடை உடுத்துவதன் ஒரு பாதி இன்பம், அதாவது அதே பாத்திரத்தைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வது, இங்கே இல்லை. ஆனால் கூட்டமாகப் போகும்போது வேறோர் இன்பம் உண்டு. ஒரே கதையை ஆளுக்கு ஒரு பாத்திரமாகப் பிரித்துக்கொள்ளலாம். நோபிட்டா, டோரேமான், ஷிசுகா, ஜியான், சுனியோ என்று ஐந்து பேர் ஒரு வேனில் இறங்கினால் கூட்டத்தில் யாரும் தொலையமாட்டார்கள்.

முதல் தடவை அப்படி ஒரு பூங்காவுக்குப் போனபோது நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். மின்னி மவுஸ் ஆகலாம் என்று நினைத்து, சாதாரணக் கறுப்புச் சுடிதாருக்கு மேலே வெள்ளைப் பொட்டு வைத்த சிவப்புத் துப்பட்டா, தலையில் அதே துணியில் பெரிய ரிப்பன். கண்ணாடியில் பார்க்க ஜோராக இருந்தது. முதல் ராட்டின வரிசையிலேயே துப்பட்டாவை எடுத்து வைக்கச் சொன்னார்கள். நியாயம்தான், சுழலுகிற இயந்திரத்தில் சிக்கினால் என்ன ஆகும்? ரிப்பனையும் கழற்றச் சொன்னார்கள். இரண்டும் லாக்கருக்குப் போயின. மிச்சம் இருந்தது கறுப்புச் சுடிதாரில் ஒரு பெண். மின்னியை முழுக்க லாக்கரில் பூட்டிவிட்டு நாள் பூராவும் நான் மட்டும் சுற்றினேன்.

அதிலிருந்து கற்றது, கழற்ற வேண்டிய பொருளில் ஜாடையை வைக்காதே என்பது. துப்பட்டா, தொப்பி, கண்ணாடி, தொங்கட்டான் எல்லாம் கழற்ற நேரும். டாப்ஸ், பேன்ட், சாக்ஸ், ஷூ ஆகியவை கூடவே வரும். ஆகவே நிறத்தை இவற்றில் வைத்துவிட்டு, தலைக்கும் கழுத்துக்கும் போகிறவற்றைப் படம் எடுக்கும் நேரத்துக்கென வைத்துக்கொள்வது நல்லது.

தண்ணீர் விளையாட்டுக்கு இன்னொரு கணக்கு. அங்கே பருத்தித் துணிக்கும் புடவைக்கும் இடம் இருக்காது, நைலான், பாலியெஸ்டர் மாதிரி நனைந்தால் கனக்காத, இறுக்கமான உடைதான் கேட்பார்கள். அதற்குத் தனியாக ஒரு செட் வேண்டும். நோபிட்டா இங்கேயும் கைகொடுப்பார். மஞ்சள் நைலான் டி-ஷர்ட், கருநீல ஷார்ட்ஸ், முடிந்தது. சந்தையில் வாங்கிய புதுத் துணியாக இருந்தால் முந்தின வாரமே தனியாக ஒரு தடவை துவைத்துவிடுங்கள். சாயம் போனால் நீங்கள் மட்டுமல்ல, பக்கத்தில் மிதக்கிறவரும் அதே பாத்திரம் ஆகிவிடுவார்.

புது ஷூ வேண்டாம். இதற்கு விளக்கம் தேவையில்லை.

வீட்டிலிருந்து பூங்கா வரைக்கும் நடுவில் பஸ் ஸ்டாண்டு இருக்கிறது, அங்கே நம் மாவட்டத்துக் கண்கள் இருக்கின்றன. நிறத்துக்கு நம் ஊரில் வேறு அகராதி உண்டு. தலை முதல் கால் வரை சிவப்பு என்றால் "மேல்மருவத்தூருக்கு மாலை போட்டிருக்கீங்களா?" என்பார்கள். முழுக் கறுப்பு என்றால் கார்த்திகை மாதத்தில் "சாமி" என்று கூப்பிட்டு வழிவிடுவார்கள். மிக்கியின் கறுப்பும் சிவப்பும் ஒரு கட்சிக் கரைவேட்டியை நினைவுபடுத்தும். ஸ்னோ ஒயிட்டின் நீலம், மஞ்சள், சிவப்பு மூன்றையும் சேர்த்துத் தருமபுரியில் யாரிடமாவது காட்டுங்கள், ஏழு குள்ளர்கள் நினைவு வராது, தேர்தல் நினைவு வரும். இதனால் எதையும் விட்டுவிட வேண்டியதில்லை. அடையாளப் பொருள் ஒன்று கண்ணில் படும்படி இருந்தால் போதும். ஆப்பிள் பர்ஸோடு யாரும் பிரசாரத்துக்குப் போவதில்லை.

இது டிஸ்னிக்கே உரிய சமாச்சாரமும் இல்லை. பெயர் அங்கே பிறந்தது, உத்தி எந்தக் கதைக்கும் பொருந்தும். நமக்கு இருக்கும் பாத்திரங்களுக்கு என்ன குறை? கண்ணகியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு காலில் சிலம்பு அல்லது கொலுசு. அவ்வளவுதான். வேறொன்றும் வேண்டாம். தெரிந்தவருக்கு உடம்பு சிலிர்க்கும், தெரியாதவர் "ஒரு கொலுசைத் தொலைச்சிட்டீங்களா?" என்று தேடிக்கொடுக்க வருவார். அந்தக் கொலுசில் சிவப்புக் கல் இருக்க வேண்டும், ஏனென்றால் கண்ணகி சிலம்பின் பரல் மாணிக்கம். முத்து வைத்ததைப் போட்டால் நீங்கள் பாண்டிமாதேவி ஆகிவிடுவீர்கள். வழக்கே மாறிப்போகும்.

தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அந்தத் தகடூர்க்காரர்களுக்குத் தனி உரிமை உள்ள பாத்திரம் ஒன்று உண்டு. நீண்ட நாள் வாழவைக்கும் நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் அதியமான் கொடுத்தது யாருக்கு? மாறுவேடப் போட்டியில் ஔவை என்றால் நரை விக், கூன், கோல் எல்லாம் வேண்டும். ஜாடைக்கு அதெல்லாம் எதற்கு? வெள்ளைக் காட்டன் குர்தா, நெற்றியில் மெல்லிய திருநீறு, காதில் நெல்லிக்காய் நிறத்தில், நெல்லிக்காய் போலவே உருண்டையாக இரண்டு தோடு. நான் இதைத்தான் போன வருஷம் கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்குப் போட்டுக்கொண்டு போனேன். தீம் பார்க் இல்லைதான். ஆனால் ராட்டினம் இருக்கிறது, மிளகாய் பஜ்ஜி இருக்கிறது, கூட்டம் இருக்கிறது. பழகிப்பார்க்க இதைவிடச் சௌகரியமான இடம் கிடைக்காது. நுழைவுச் சீட்டுச் செலவும் குறைவு, உடை சரிவரவில்லை என்றால் வீடும் பக்கம்.

"இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று அக்கா கேட்டாள். அவள் கட்டியிருந்தது பச்சைப் புடவை. சிவப்புக் கரை, கையில் கிளி பொம்மை வாங்கின பை. "நீ இப்ப மதுரை மீனாட்சி மாதிரி இருக்கே, தெரியுமா?" என்றேன். குனிந்து தன்னைத்தானே ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அதற்கப்புறம் அந்தப் பையை யாரிடமும் கொடுக்கவில்லை.

கிளிமூக்கு மாம்பழம் அடுக்கியிருந்த மேசைக்குப் பக்கத்தில் ஒரு தமிழாசிரியர் போலத் தெரிந்தவர் என் நெற்றியைப் பார்த்தார், வெள்ளைக் குர்தாவைப் பார்த்தார், அப்புறம் காதுக்கு வந்தார். கையில் எடுத்த மாம்பழத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "சுட்ட பழம் வேணுமா, சுடாத பழம் வேணுமா?"